தரையிலிருந்து ஒரு முழம்

வாகைக்குளம் அகதி முகாம் தரையை விட்டு ஒரு முழம் மேலெழும்பிய காலையில் இராசமலர் முகாமின் ஓரத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் வழக்கமாக விழுகிற இடத்தில் விழாமல் இன்னும் கொஞ்சம் கீழே போய் விழுந்ததால்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். வேலிக்கு உட்பட்ட மண் முழுவதும், மண்ணின் மேலிருந்த தகரக் கூரை வீடுகளும், வேப்பமரங்களும், மாதா கெபியும், பிள்ளையார் மேடையும், தண்ணீர்க் குழாயும், குழாயடியில் இடம்பிடித்து வைத்திருந்த குடங்களும், ஒன்றும் சிந்தாமல் சிதறாமல், புளித்த மாவு பானையில் பொங்கி நிற்பதுபோல ஒரு முழம் பொங்கி நின்றன. இடையில் காற்று சும்மா போய் வந்துகொண்டிருந்தது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நிலா, கீழ நிக்கிற சைக்கிளை மேல ஏத்திவிடு பிள்ளை, ஆரும் கொண்டு போயிடுவாங்கள்" என்று மகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் அந்த முகாமில் அதிகம். காலையில் இருந்த ஊர் மாலையில் இல்லாமல் போனதைப் பார்த்தவர்கள், கட்டிய வீட்டை விட்டுவிட்டு அதன் சாவியோடு மட்டும் கடல் தாண்டியவர்கள், படகின் அடியில் தண்ணீர் கொட்டக் கொட்ட அதை வாளியால் அள்ளி இறைத்துக்கொண்டே செபமாலையும் தேவாரமும் ஒரே மூச்சில் சொன்னவர்கள், மண் ஒரு முழம் எழும்பினால் மயக்கம் போட்டா விழுவார்கள்? ஏன் எழும்பியது என்று வெளியூர்க்காரர்கள்தான் குடைந்து குடைந்து கேட்டார்கள். முகாம்காரர்களுக்கு அதற்கு நேரமில்லை, அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள்.

இராசமலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். பால்பல் விழுகிற வயதில் தகப்பனின் தோளில் உட்கார்ந்து கடல் கடந்து வந்தவள். முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் கட்டி, முகாமிலேயே ஒரு பெண்ணைப் பெற்று, பெயின்ட் அடிக்கப் போன புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது அழுது முடித்த கையோடு அவனுடைய பிரஷ்களைத் தூக்கிக்கொண்டு அதே வேலைக்குப் போனவள். இப்போது அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்தது. அந்த வட்டாரத்தில் புதிதாக எழும்பிய எந்த மாடி வீடானாலும், கல்யாண மண்டபமானாலும், கட்சி ஆபீஸானாலும், அதன் சுவருக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, நிறம் கொடுத்தது முகாம் கைகளாகத்தான் இருக்கும். ஊரையெல்லாம் வெளுத்துவிட்டு, பத்துக்குப் பத்து அறைக்குள் வந்து படுத்துக்கொள்கிற கைகள். ரேஷன் கடையில் சண்டை போடத் தெரிந்தவள், சத்தம் பெரிது, பயம் சிறிது என்பதால் முகாம் அவளைத் தலைவியாக வைத்திருந்தது.

எழும்பிய நிலத்தோடு வாழப் பழகுவதற்கு முகாமுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கோழிகள் நிலத்துக்கு அடியில் போய் முட்டையிட்டன. முட்டை பொறுக்கத் தவழ்ந்து போன பிள்ளைகள் அங்கே குளிர்ச்சியாக இருக்கிறதென்று வீட்டுப்பாடத்தையும் அங்கேயே செய்தார்கள். வெயில் காலத்தில் கிழவர்கள் கீழே பாய் விரித்தார்கள். பால்காரர் முதல் நாள் கேனைத் தூக்கிக்கொடுத்து மூச்சு வாங்கினார், மறுநாள் உரக்கடையிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து படியாகப் போட்டுக்கொண்டார். ஆனால் பெட்டியில் ஏறுவது மட்டும் போதவில்லை. ஓரத்தில் கால் வைத்தால் நிலம் படகுபோல ஒரு சாய்வு சாய்ந்து திரும்பும். படகில் வந்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்றால் சரியாகிவிடும். மற்றவர்களுக்கு மேலே இருந்து யாராவது கை கொடுக்கவேண்டும். ஆகவே வருகிறவர் கையை நீட்டுவதும், இருக்கிறவர் பிடித்துத் தூக்குவதும் வழக்கமாகிவிட்டது. பால்காரர், பூக்காரி, சீட்டுக்காரர் எல்லோரும் அப்படித்தான் ஏறினார்கள். மாதத்தில் இரண்டு தடவை ஆள் சரிபார்க்க வருகிற அதிகாரி மட்டும் கை நீட்ட விரும்பாமல் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டார். இத்தனை வருஷமும் அவர் குனிந்த தலை நிமிராமல் கூப்பிடுவார், இவர்கள் கைகட்டி நின்று "ஓம் ஐயா" என்பார்கள். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அதில் முகாம் அடைந்த சந்தோஷத்தை மறைக்க அது பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை.

பிறகு வட்டாட்சியர் ஜீப்பில் வந்தார். நில அளவையர் சங்கிலியைக் கீழே ஒரு முறையும் மேலே ஒரு முறையும் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், சர்வே நம்பர் கீழ இருக்குற நெலத்துக்குத்தான் சார் இருக்கு. மேல இருக்குறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று கையை விரித்தார். இதுதான் சமயமென்று இராசமலர், கழிவறை கட்டித் தருவதாகச் சொன்னது என்னவாயிற்று, சாக்கடை தோண்டுவதாகச் சொன்னது என்னவாயிற்று என்று ஆரம்பித்தாள். வட்டாட்சியர் விவரமான மனிதர். அன்று மாலையே, மேற்படி நிலம் தமது எல்லைக்குள் வராது என்றும், ஆகவே அதில் கழிவறை கட்டுவது தமது பொறுப்பாகாது என்றும் மேலிடத்துக்கு எழுதிப்போட்டு, நகலொன்றை முகாமுக்கும் அனுப்பிவிட்டார். மேலிடம் விமானத் துறையைக் கேட்டது. முழ உயரத்தில் நிற்பதைப் பறப்பதாகக் கருத இயலாது என்று அவர்கள் பதில் எழுதினார்கள். கடலுக்கு அப்பால் உள்ள நாட்டின் அலுவலகத்தைக் கேட்டபோது, தங்கள் நிலம் எதுவும் காணாமல் போகவில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். இப்படியாக, ஒருவருக்கும் வேண்டாத மனிதர்கள் ஒருவருக்கும் வேண்டாத மண்ணின் மேல் ஒரு முழம் உயரத்தில் வசிக்கலானார்கள்.

கனகசூரியம் என்று ஒருவர், ஊரில் தபால்காரராக இருந்தவர், முகாமில் எல்லா விஷயத்துக்கும் அபிப்பிராயம் வைத்திருப்பவர், வேப்பமரத்தடியில் கூட்டம் கூட்டினார்.

"இது இப்ப ஆரின்ர மண்ணும் இல்லை. ஆரின்ர மண்ணும் இல்லையெண்டா எங்கட மண். நாங்கள் நாடெண்டு அறிவிக்கிறதுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. முதல்ல ஒரு கொடி வேணும்."

"கொடியில என்ன போடுறது?" என்று ஒரு பையன் கேட்டான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்ததும், பக்கத்து வீட்டுப் புனிதவதி அக்கா, புட்டு அவிக்கிற அவசரத்திலும் கரண்டியோடு எழுந்து நின்றாள்.

"மிருகம் ஒண்டும் வேண்டாம். மிருகம் போட்ட கொடியளாலதான் நாங்கள் இஞ்ச வந்து கிடக்கிறம்."

அதற்குப் பிறகு கொடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொடிக்கென்று நட்ட கம்பில் துணி காயப்போட்டார்கள்.

இராசமலரின் மகள் நிலாயினி அரசியல் படித்துப் பட்டம் வாங்கியவள். முகாமில் பிறந்தவள், இந்த மண்ணின் ஆஸ்பத்திரியில், இந்த மண்ணின் மருத்துவச்சி கையில் பிறந்தவள், ஆனால் இந்த மண்ணின் குடிமகள் இல்லை. கண்ணால் பார்த்திராத கடலுக்கு அப்பால் உள்ள நாட்டுக்கும் அவள் குடிமகள் இல்லை. வாத்தியார் வேலைக்கான பரீட்சை எழுதக் குடியுரிமை வேண்டும் என்று சொல்லிவிட்டதால், அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். அவளோடு கூடப் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இவள் அம்மாவோடு சாரத்தில் ஏறிச் சுவர் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அது இராசமலருக்குத் தெரியும், தெரிந்த நாளிலிருந்து அது நெஞ்சில் ஒரு கல்லாகக் கிடந்தது.

"பிள்ளை, நீ படிச்சனி. சொல்லு, நாங்கள் நாடோ இல்லையோ?" என்று கனகசூரியம் அவளைக் கேட்டார்.

"நாடெண்டா நிலம், சனம், அரசு, இறைமை எண்டு நாலு வேணும் மாமா. நிலம் இருக்கு. சனம் இருக்கு. அரசு எண்டா அம்மாதான் நாளாந்தம் கத்துறா."

"இறைமை எண்டா என்னடி?" என்றாள் புனிதவதி அக்கா.

நிலாயினி யோசித்தாள். "ஆரும் பெரியாக்கள் வந்து இதைச் செய் எண்டு சொன்னா, மாட்டன் எண்டு சொல்லுறது."

"அது எங்களிட்ட இல்லை" என்று புனிதவதி அக்கா புட்டைப் பார்க்கப் போய்விட்டாள். கூட்டம் கலைந்தது.

இறைமை இல்லாவிட்டாலும் அந்த முகாமில் சட்டம் ஒன்று இருந்தது, எங்கும் எழுதி வைக்காத சட்டம். வந்த மனிதர் சாப்பிட்டு முடிக்கும்வரை பெயர் கேட்கக்கூடாது. முதல் படகுகளில் வந்தவர்களைக் கரையில் இறங்கியதும் இறங்காததுமாக, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட நிறுத்திவைத்து, பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, ஊர் என்ன, யாரோடு சேர்ந்தவன் என்று கேட்டார்கள். கேட்டு முடிக்கும்வரை பிள்ளைகளுக்கு ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்த வரிசையில் நின்றவர்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தபின், அடுத்தடுத்து வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டார்கள். சாப்பிட்ட பிறகுதான் பெயர். வந்தவன் எதிரியாக இருக்கட்டும், இயக்கத்துக்காரனாக இருக்கட்டும், வேறு இயக்கத்துக்காரனாக இருக்கட்டும், சோறு இறங்கிய பிறகு அவன் விருந்தாளி. இந்தச் சட்டத்தை மீறியவர்கள் ஒருவரும் இல்லை, மீறலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இராசமலர் ஓரத்தில் குந்தியிருந்து மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை, கணுக்காலெல்லாம் முள் கிழித்த கோடு, நல்ல பட்டுப் பாவாடை தாவணி கிழிந்து தொங்கியது. ஓரத்துக்கு வந்து நின்று கையை நீட்டினாள். இராசமலர் கேள்வி ஒன்றும் கேட்காமல் மண்ணெண்ணெய்க் கையோடு பிடித்து மேலே தூக்கினாள். நிலம் ஒரு சாய்வு சாய்ந்து நிமிர்ந்தது.

"வா பிள்ளை. முதல்ல சாப்பிடு."

புனிதவதி அக்கா வீட்டில் புட்டும் சொதியும் இருந்தது. அந்தப் பெண் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள், பாதியில் நிமிர்ந்து, "இது மோர்க்குழம்பாக்கா?" என்று கேட்டாள். "சொதியடி அது, எங்கட ஊர் அமிர்தம்" என்று அக்கா இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். நிலாயினி அவள் காலில் இருந்த முள்ளை ஊசியால் எடுத்தாள். எல்லாம் முடிந்து, கை கழுவி, தண்ணீர் குடித்து, மூச்சு சீரான பிறகுதான் இராசமலர் கேட்டாள்.

"இப்பச் சொல்லு. உன்ர பேர் என்ன?"

"செண்பகவல்லி. மில்லுக்காரர் மருதப்பன் மக."

மருதப்பன் அந்த வட்டாரத்தின் அரிசி மில் முதலாளி, அவருடைய மூன்று மாடி வீட்டுக்குத்தான் முகாம் ஆட்கள் அத்தனை பேரும் அப்போது பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுப்பவரும் அவர்தான். நிலாயினியின் விண்ணப்பத்துக்கு வட்டாட்சியரிடம் ஒரு வார்த்தை சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பவரும் அவர்தான். இந்தப் பெண் வேறு சாதித் தெருப் பையன் ஒருவனை விரும்பியிருக்கிறாள். அவன் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு இவளுக்காகக் காத்திருக்கிறான். பஸ் ஏறப் போன இடத்தில் அண்ணன்மார்கள் நின்றதைப் பார்த்துப் புதருக்குள் புகுந்து ஓடி வந்திருக்கிறாள்.

பெயரை முதலிலேயே கேட்டிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று இராசமலர் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். 'பிள்ளை, ஸ்டேஷனுக்குப் போ' என்று வழி காட்டியிருக்கலாம். கையை நீட்டாமலே இருந்திருக்கலாம். அவள் தன்னிடமே பொய் சொல்லுகிறவள் அல்ல. ஆனால் பெண் சாப்பிட்டு முடித்துவிட்டாள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் முதலில் யார் என்று விசாரித்திருப்பார்கள்.

மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பின்னால் கார் வந்தது. அதன் பின்னால் ஊர் வந்தது. மருதப்பன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்தார், அவர் நெஞ்சுக்கு நேராக இராசமலரின் இடுப்பு இருந்தது.

"இராசமலரு, எங்க வீட்டுச் செவத்துல ஒன் கை படாத எடமில்ல. ஒன்னய வேத்தாளா நெனச்சதில்ல நான். புள்ளய எறக்கி விடு."

"பிள்ளை இறங்க விரும்பினா இறங்கட்டும் ஐயா. நாங்கள் பிடிச்சு வைக்கேல்லை."

வீட்டுக்குள்ளிருந்து செண்பகவல்லியின் குரல் கேட்டது: "எறங்குனா கொன்னுருவாங்க."

இல்லை என்று யாராவது சொல்வார்கள் என்று முகாம் காத்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

"அது எங்க வீட்டு விசயம்" என்றார் மருதப்பன்.

அண்ணன்களில் ஒருவன் பொறுக்கமாட்டாமல் பாய்ந்து ஏறினான். நிலம் சாய்ந்தது; அவன் மல்லாந்து விழுந்து மண்ணில் உட்கார்ந்தான். புனிதவதி அக்கா குனிந்து கையை நீட்டினாள். "கையைத் தா தம்பி, நான் ஏத்திவிடுறன். ஏறினா நீயும் ஒரு வாய் சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்." அவன் அந்தக் கையைப் பார்த்தான். அகதிப் பொம்பளையின் கை, புட்டு மாவு ஒட்டிய கை. அதைப் பிடித்தால்தான் ஏற முடியும், பிடித்தால் மானம் போய்விடும். அவன் பின்னால் நகர்ந்தான். சின்னப் பிள்ளையும் தத்தித் தத்தி ஏறிவிடக்கூடிய ஒரு முழத்தை அத்தனை ஆம்பளைகளாலும் தாண்ட முடியவில்லை.

அதற்குள் முகாம் எழுந்துவிட்டது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கத்துக்கு ஓடினால் படகு கவிழும் என்று அறிந்த சனம். ஆகவே பாதிப் பேர் ஊர்க்காரர்களுக்கு எதிரே நின்றார்கள், பாதிப் பேர் ஒருவரும் இல்லாத பின்பக்கத்தில் போய் வெறும் வயலைப் பார்த்து நின்றார்கள், நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நடுவில் உட்கார்ந்தார்கள். நிலம் துளியும் ஆடாமல் நின்றது. மேலே வரிசையாக நின்ற சனத்தை ஊர் அண்ணாந்து பார்த்தது. இவ்வளவு காலமும் இவர்களை அவர்கள் இவ்வளவு உயரமாகப் பார்த்ததில்லை.

வட்டாட்சியர் ஒரு காவலரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். நிலைமையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புத்தி சொல்லுகிற குரலில் ஆரம்பித்தார்.

"என்னம்மா இது? நீங்களே அகதிங்க. அடைக்கலம் தேடி வந்தவங்க. நீங்க எப்படி இன்னொருத்தருக்கு அடைக்கலம் குடுக்க முடியும்? அதுக்கு ஒரு நாடு வேணும், சட்டம் வேணும். கான்ஸ்டபிள், மேல போய்ப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

கனகசூரியம் தொண்டையைச் செருமினார். அவர் வாழ்நாள் முழுவதும் இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ, சட்டைப் பித்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். "ஐயா, இந்த மண் உங்கட எல்லைக்குள்ள வராது எண்டு நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்?"

காவலர் நின்றார். "அப்படி எழுதியிருக்கீங்களா சார்?"

"அது கக்கூசுக்காக எழுதுனதுய்யா!"

முகாமில் யாரோ பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடக்கிய சிரிப்பு பின்வரிசைவரை ஓடியது. வட்டாட்சியரின் முகம் சிவந்தது. அவர் இராசமலருக்கு அருகில் வந்தார், குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலில்தான் உண்மையான அதிகாரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"ஒங்க பொண்ணு விண்ணப்பம் என் மேசையிலதான் இருக்கு. நாளைக்கே பரிந்துரை பண்ணி அனுப்பிடுவேன். அந்தப் பொண்ண எறக்கி விட்டா. இல்லன்னா, அது எந்த மேசைக்கும் போகாது. சாகுற வரைக்கும் ஒங்க பொண்ணு இந்தத் தகரத்துக்குள்ளதான். நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

ரேஷன் கடையையே நடுங்க வைக்கிற இராசமலருக்கு வாய் திறக்கவில்லை. தன் சோறு என்றால் எறிந்திருப்பாள், தன் வேலை என்றால் போடா என்றிருப்பாள். இது அவளுடையதில்லை. மகள் பரீட்சைப் புத்தகங்களைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவது அவள் கண்ணில் வந்தது. உள்ளே இருக்கிற பெண்ணும் தாய் பெற்ற பிள்ளைதான் என்பதும் வந்தது. இரண்டு பக்கமும் பிள்ளையாக இருக்கும்போது தராசை யார் பிடிப்பது? அவள் கைகள் மண்ணெண்ணெய் வாடையோடு சும்மா தொங்கின.

வரிசையிலிருந்து நிலாயினி முன்னால் வந்தாள். படகில் வந்தவர்கள்போல முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி ஓரத்தில் நின்றாள், நிலம் ஆடவில்லை.

"சார், அது என்ர விண்ணப்பம். அம்மாவைக் கேக்காதேங்கோ, என்னைக் கேளுங்கோ."

"சரி, ஒன்னையே கேக்குறேன். என்னம்மா சொல்ற?"

"எங்க போனாலும் உன்ர நாடு எது எண்டு கேப்பினம். நான் தலையைக் குனிஞ்சிடுவன். வெக்கமா இருக்கும். பிறந்ததிலயிருந்து வெக்கம்." அவள் தலையைக் குனியாமல் வட்டாட்சியரைப் பார்த்துச் சொன்னாள். "இண்டைக்கு வெக்கமா இல்லை சார். அந்தப் பிள்ளையைக் குடுத்திட்டு வாங்கிற நாடு எனக்கு வேண்டாம். மேசையிலேயே வச்சிருங்கோ."

இராசமலர் மகளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு மண் கொடுக்க முடியவில்லையே, ஒரு ஊர்ப் பெயர் கொடுக்க முடியவில்லையே என்று இத்தனை வருஷம் குமைந்தவள், இவளுக்கு என்ன குறை என்று முதல்தடவையாகக் கேட்டுக்கொண்டாள். நெஞ்சில் கிடந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"மாட்டம் ஐயா" என்றாள். "நீங்கள் போகலாம்."

நீங்கள் போகலாம் என்று ஓர் அதிகாரியைப் பார்த்து அவள் சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் போகவில்லை, ஆனால் மேலே வரவும் இல்லை. காவலர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மருதப்பன், நாளையிலிருந்து ஒருவனும் என் வீட்டுப் பக்கம் பிரஷைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்றும், இந்த வட்டாரத்தில் ஒரு சுவர்கூட இவர்களுக்குக் கிடைக்காது என்றும் கத்தினார். அவர் சொன்னதைச் செய்கிறவர், அது எல்லோருக்கும் தெரியும். முகாம் வரிசை கலையாமல் நின்றது. வெயில் சாயத் தொடங்கியது.

அப்போது காரின் பின்கதவு திறந்தது. இவ்வளவு நேரமும் அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. கழுத்து நிறைய நகை, தலையில் பூ, முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. செண்பகவல்லியின் முகத்தை அப்படியே வயதாக்கி வைத்ததுபோல இருந்தது. அவள் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடந்து வந்தாள்.

"ஏய், எங்கடி போற?" என்றார் மருதப்பன்.

அவள் திரும்பவில்லை. மகன்களில் ஒருவன் கையைப் பிடித்தான், அவள் அந்தக் கையைப் பார்த்த பார்வையில் அவனே விட்டுவிட்டான். ஓரத்துக்கு வந்து நின்று, இராசமலரை அண்ணாந்து பார்த்தாள்.

"தாயி, நான் உள்ள வரலாமா?"

இந்தக் கேள்வி இராசமலருக்கு நன்றாகத் தெரிந்த கேள்விதான். கரையில் காவலுக்கு நின்றவர்களிடம் கேட்ட கேள்வி, ஆபீஸ் ஆபீஸாகப் பாதிக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட கேள்வி, தானே நிறம் கொடுத்த வீடுகளின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்று கேட்ட கேள்வி, ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், சுடுகாட்டில்கூடக் கேட்ட கேள்வி. கேட்கிற பக்கத்தில் நின்றே அவள் வாழ்க்கை போயிருந்தது. அவளைப் பார்த்து அதைக் கேட்டவர்கள் இதுவரை ஒருவரும் இல்லை. என்ன பதில் சொல்வது என்பதில்கூட அவளுக்குச் சந்தேகமில்லை; பதில் சொல்லுகிற இடம் தன்னுடையது என்பதை உடம்பு நம்புவதற்குத்தான் ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

அவள் முதுகை நிமிர்த்தினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். வட்டாட்சியருக்கும், மருதப்பனுக்கும், பின்பக்கம் வெறும் வயலைப் பார்த்து நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில்,

"வாங்கோ" என்றாள்.